‘ஹாலிவுட்’ (1980) ஆவணத் தொடர் டிஸ்க்கில் வராமலே இருப்பது ஏன்?

கொட்டகை மணி (தூத்துக்குடி):

மௌனப் படம் பார்க்கிறவர்கள் இங்கே நாலு பேராவது இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன்.

கெவின் பிரவுன்லோ, டேவிட் கில் இருவரும் லண்டன் தேம்ஸ் டெலிவிஷனுக்காக எடுத்த ‘ஹாலிவுட்’ தொடர். மொத்தம் 13 பகுதி. 1980 ஜனவரியில் பிரிட்டனின் தனியார் சேனலான ஐ.டி.வி.யில் ஓடத் தொடங்கியது. ஜேம்ஸ் மேசன் வர்ணனை, கார்ல் டேவிஸ் இசை. அமெரிக்க மௌனப் படக் காலத்தைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. எனக்கு இதற்கு மேல் ஒன்று கிடையாது.

காரணம், அதில் பேசுகிற ஆட்கள். குளோரியா ஸ்வான்சன், லில்லியன் கிஷ், காலீன் மூர், கிங் விடோர், ஆலன் டுவான், ஹால் ரோச் என்று அந்தப் படங்களை எடுத்தவர்களும் நடித்தவர்களுமே உட்கார்ந்து பேசுகிறார்கள். எழுபதுகளின் பிற்பாதியில் கேமராவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனதால் கிடைத்த பேச்சு அது. டுவான் 1981-ல் போய்ச் சேர்ந்தார், விடோர் 1982, ஸ்வான்சன் 1983. கொஞ்சம் அசந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஸ்டண்ட் ஆட்களைப் பற்றிய பகுதியில் வயோலா டானா பேசுவது ஒன்று போதும். 1920 ஆகஸ்ட் 2 இரவு. ஓமர் லாக்லியர் என்ற சாகச விமானி ‘த ஸ்கைவேமேன்’ படத்துக்காக விமானத்தைச் சுழற்றிக்கொண்டே கீழே இறக்குகிறார். தரையிலிருந்து பெரிய பெரிய விளக்குகள் அவர்மேல் அடிக்கின்றன. விமானம் நிமிரவே இல்லை. அவரைக் காதலித்த டானா அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர். ஏறக்குறைய அறுபது வருஷம் கழித்து அதை அவர் வாயாலேயே கேட்கிறோம். எந்தப் புத்தகத்தில் படித்தாலும் அது வராது.

என்னிடம் இருப்பது வி.எச்.எஸ். செட். கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா லண்டனில் வாங்கி வந்தது. இந்த ஊர் உப்புக்காற்றில் கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தாலே டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிறது. ஓடுகிற கேசட்டுகளிலும் படத்தின் கீழ் விளிம்பு ஆடிக்கொண்டே இருக்கிறது.

இதே இருவர் எடுத்த ‘அன்னோன் சாப்ளின்’ (1983) டி.வி.டி.யில் வந்தது. ‘சினிமா யூரோப்’ (1995) வந்தது. இது மட்டும் வி.எச்.எஸ்., லேசர்டிஸ்க் (டி.வி.டி.க்கு முந்தைய பெரிய தட்டு) இரண்டோடு நின்றுவிட்டது. கேட்டால் எல்லாரும் ‘ரைட்ஸ் பிரச்சினை’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படி என்ன ரைட்ஸ்? யாருக்கு எழுதினால் நடக்கும்? ஆன்லைனில் கையெழுத்து வேட்டை நடத்தினால் பயன் உண்டா?

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் படம் போடுகிறேன். இதை அவர்களுக்குப் போட்டுக் காட்டுவதில் சட்டச் சிக்கல் ஏதும் வருமா?

நள்ளிரவு ஷோ:

மணி அண்ணே, யூடியூப்பில் தேடிப் பாருங்கள், யாராவது ஏற்றியிருப்பார்கள். படம் மங்கலாக இருந்தால் ஏ.ஐ. சாஃப்ட்வேரில் போட்டு 4கே-வாக மாற்றிக்கொள்ளலாம், ஒரு ராத்திரி வேலை. டிஸ்க் போடுகிற பிளேயரே இப்போது யார் வீட்டில் இருக்கிறது? நாற்பது வருஷப் பழைய டி.வி. நிகழ்ச்சிக்கு ப்ளூ-ரே போட்டால் போடுகிற கம்பெனிக்குப் பைசா தேறாது. அதுதான் காரணமாக இருக்கும்.

டைம்கோட்:

நள்ளிரவு தம்பி, பைசா தேறாது என்பது பாதி சரி. ஆனால் விற்காது என்பதால் அல்ல. விற்பதற்கு முன்னாலேயே செலவாகிவிடும் என்பதால். ஏ.ஐ. சங்கதிக்கு அப்புறம் வருகிறேன்.

மும்பையில் டாக்குமெண்டரி எடுக்கிற ஒரு கம்பெனியில் ஆர்க்கைவ் கிளியரன்ஸ் என் வேலை. டைரக்டர் ‘அந்தப் பழைய காட்சியில் இருபது செகண்ட் வேண்டும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அது யாருக்குச் சொந்தம், நிமிஷத்துக்கு என்ன ரேட், எத்தனை வருஷத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு என்று தேடிப்பிடித்துப் பேசி, பேப்பரில் வாங்கிவைப்பது என் தலையில் விழும். அதனால் மணி சாரின் ‘அப்படி என்ன ரைட்ஸ்’ என்ற கேள்விக்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரித் தொடருக்கு ஒரு கிளிப் ஷீட் இருக்கும். இடது ஓரத்தில் வரிசை எண், அடுத்து படத்தின் பெயர், காட்சி தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை செகண்ட், உரிமையாளர் யார். அதற்கப்புறம் மூன்று கட்டங்கள்: டெரிட்டரி (எந்தெந்த நாட்டுக்கு), டெர்ம் (எத்தனை வருஷத்துக்கு), மீடியா (டி.வி.க்கா, வீடியோவுக்கா). ஒரு ஆவணப்படத்தின் தலையெழுத்தே அந்த மூன்றிலும்தான் இருக்கிறது. எழுபதுகளில் ஒரு டி.வி. கம்பெனி கிளிப் வாங்கினால் மீடியா கட்டத்தில் ‘டெலிவிஷன்’ என்று இருக்கும், டெர்ம் கட்டத்தில் சில வருஷங்கள் இருக்கும். வீட்டு வீடியோ என்றால் அதற்குத் தனியாகப் பேசித் தனியாகக் காலவரை போடுவார்கள். அந்தக் காலவரை முடிந்தால் கடையில் இருக்கிற சரக்கை விற்றுத் தீர்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். டி.வி.டி. என்ற சொல்லே பிறக்காத காலத்தில் போட்ட கையெழுத்து டி.வி.டி.க்குச் செல்லாது. இப்போது நாங்கள் போடுகிற பேப்பரில் ‘இன்றுள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா மீடியாவும், உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்று எழுதி வாங்கிவிடுகிறோம். அதற்குக் காசும் கூட.

ஒரு பகுதிக்கு 40 கிளிப் என்று சும்மா ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும் 13 பகுதிக்கு 520. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர். கூட்டுப் பட்டா நிலத்தை விற்கப் போனவர்களுக்கு இது புரியும்: பதினோரு பங்காளி சம்மதித்தாலும் பன்னிரண்டாவது ஆள் துபாயில் உட்கார்ந்துகொண்டு முடியாது என்றால் பத்திரம் நடக்காது.

பங்காளிகளும் அப்படியே இருப்பதில்லை. எம்.ஜி.எம்.மின் பழைய படங்கள் 1986-ல் டெட் டர்னர் கைக்குப் போயின, பத்து வருஷத்தில் அங்கிருந்து வார்னர் குடைக்கீழ் வந்தன. ஃபாக்ஸ் 2019-ல் டிஸ்னிக்குப் போனது. தேம்ஸின் கதை இன்னும் மோசம். 1991-ல் நடந்த ஏலத்தில் உரிமத்தை இழந்து, 1992 டிசம்பர் 31 இரவோடு ஒளிபரப்பை நிறுத்தியது. அதன் நிகழ்ச்சிகள் கைமாறிக் கைமாறி இப்போது ஃப்ரீமேன்டில் என்ற நிறுவனத்தின் வசம். டேவிட் கில் 1997-லேயே இறந்துவிட்டார். கார்ல் டேவிஸ் 2023-ல் போனார். அன்றைக்கு எந்தக் கிளிப்பை யாரிடம் எந்த நிபந்தனையில் வாங்கினார்கள் என்று சொல்லத் தெரிந்த ஆட்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். பேப்பர் தொலைந்தால் எங்கள் தொழிலில் அந்தக் கிளிப் இல்லாத மாதிரிதான்.

சரி, ‘அன்னோன் சாப்ளின்’ மட்டும் எப்படி வந்தது? அதன் உயிரே சாப்ளின் எடுத்துவிட்டுப் படத்தில் சேர்க்காமல் தூக்கிப்போட்ட ரஷ்கள். அவை வந்த வழி பிரதானமாக இரண்டு: சாப்ளினின் மனைவி ஊனா திறந்துவிட்ட குடும்பப் பெட்டகம், ரேமண்ட் ரோஹாவர் என்ற சேகரிப்பாளரின் கிடங்கு. தட்ட வேண்டிய கதவுகள் கொஞ்சம். ‘ஹாலிவுட்’ தொடருக்கு ஊரில் இருக்கிற ஸ்டூடியோ எல்லாவற்றின் கதவையும் தட்ட வேண்டும்.

இது இந்தத் தொடருக்கு மட்டும் வந்த கேடு இல்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைச் சொன்ன ‘ஐஸ் ஆன் த பிரைஸ்’ 1987-ல் வந்தது. சினிமா வரலாறு இல்லைதான், ஆனால் நோய் ஒன்றே. தொண்ணூறுகளின் நடுவில் செய்திப்பட, புகைப்பட, பாட்டு உரிமைகள் காலாவதியாகி, டி.வி.யில் போடவும் முடியாமல் புது கேசட் விற்கவும் முடியாமல் கிடந்தது. தயாரித்த ஹென்றி ஹாம்ப்டன் 1998-ல் இறந்தார். பள்ளிகளும் நூலகங்களும் தேய்ந்த கேசட்டை வைத்துக்கொண்டு பாடம் நடத்தின. கடைசியில் ஃபோர்டு அறக்கட்டளை 6 லட்சம் டாலர் கொடுத்தது, தனிக் கொடையாளர் ஒருவர் இரண்டரை லட்சம் கொடுத்தார். அந்தப் பணத்தில் ஆள் வைத்து ஒவ்வொரு துண்டாக மறுபடி உரிமை வாங்கி 2006-ல் திரும்ப ஒளிபரப்பினார்கள். கடைக்கு டி.வி.டி. வந்தது 2010-ல். பாருங்கள், படத்தைச் சுத்தம் செய்ய அல்ல, பேப்பரைச் சுத்தம் செய்ய எட்டரை லட்சம் டாலர்.

இன்னொரு வழியும் உண்டு. தாம் ஆண்டர்சனின் ‘லாஸ் ஏஞ்சல்ஸ் ப்ளேஸ் இட்செல்ஃப்’ (2003) முழுக்க முழுக்க மற்றவர் படங்களின் துண்டுகளால் ஆனது. பத்து வருஷத்துக்கு மேல் திரைப்பட விழா, கள்ள டிஸ்க் என்றே ஓடியது. 2014-ல் ‘நியாயமான பயன்பாடு’ என்ற சட்ட வாதத்தின் பலத்தில் முறையாக வெளியிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் நடந்தது என்னவென்றால், 2005-ல் அமெரிக்க ஆவணப்படக்காரர்கள் கூடி, எதெல்லாம் நியாயமான பயன்பாடு என்று ஒரு நெறிமுறை எழுதினார்கள். அதைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பாலிசி கொடுக்க முன்வந்தன. இன்ஷூரன்ஸ் இல்லாத படத்தை எந்த விநியோகஸ்தரும் தொடமாட்டார், அதனால் பூட்டு உண்மையில் திறந்தது அங்கேதான். ஆனால் இது அமெரிக்கச் சட்டம். வேறு நாட்டில் டிஸ்க் விற்க இந்த வாதம் அப்படியே போகாது.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் அந்தக் காலப் படங்களுக்குக் காப்புரிமை 95 வருஷம். ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் ஒரு வருஷத்துப் படங்கள் மொத்தமாக வெளியே வருகின்றன. 1925-ன் ‘பென்-ஹர்’, ‘த பிக் பரேட்’ 2021-ல் வந்துவிட்டன. 1927-ன் ‘விங்ஸ்’, ‘சன்ரைஸ்’ 2023-ல். 2025 ஜனவரியோடு 1929 படங்களும் முடிந்தன. அதாவது ஹாலிவுட் மௌனப் படக் காலம் கிட்டத்தட்ட முழுசாக அமெரிக்காவில் காப்புரிமை தாண்டிவிட்டது. கிளிப் ஷீட்டில் பெரும்பாலான வரிகளை இன்று பேனாவால் அடித்துவிடலாம். நம் நாட்டில் சினிமாவுக்கு 60 வருஷம்தான், இங்கே அவை எப்போதோ வெளியே வந்துவிட்டன. ஐரோப்பாவில் கணக்கு வேறு, நாட்டுக்கு நாடு தனியாகப் பார்க்க வேண்டும்.

இதைக் கேட்டு உடனே துள்ள வேண்டாம். உரிமை தீர்வது வேறு, நல்ல பிரின்ட் கிடைப்பது வேறு. நெகட்டிவை வைத்திருப்பவர் ‘காப்புரிமை இல்லை, ஆனால் ஸ்கேன் என்னுடையது’ என்று காசு கேட்பார். கேட்கவும் செய்கிறார்கள். தொடரில் ஏற்கெனவே இருக்கிற கிளிப்பையே அப்படியே விட்டுவிட்டால் அந்தச் செலவு இல்லை. என்னைக் கேட்டால் அப்படித்தான் விட வேண்டும். புதிதாக ரிஸ்டோர் செய்த காட்சிகளைக் கொண்டுவந்து ஒட்டினால் வேகம் மாறும், கார்ல் டேவிஸின் இசை காட்சியோடு சேராது. மௌனப் படம் என்றாலே எல்லாரும் தத்தக்கா பித்தக்கா என்று ஓடுவார்கள் என்றிருந்த டி.வி. காலத்தில், சரியான வேகத்தில், நல்ல பிரின்ட்டில், ஆர்கெஸ்ட்ராவோடு காட்டியதுதான் பிரவுன்லோ–கில் செய்த பெரிய காரியம். அதை நாமே கெடுக்கக் கூடாது.

இப்போது ஏ.ஐ. செகண்டுக்கு 18, 20 ஃபிரேமில் ஓட வேண்டிய மௌனப் படத்தை 25 ஃபிரேம் டி.வி.க்குக் கொண்டுவரும்போது சில ஃபிரேம்களை இரண்டிரண்டாகப் போடுவார்கள். நம் அப்ஸ்கேல் சாஃப்ட்வேர் அதைக் கோளாறு என்று நினைத்து இடையில் தானே ஃபிரேம் வரைந்துவிடும். விளைவு, குதிரை ஓடாமல் வழுக்கிக்கொண்டு போகும். முகங்கள் மெழுகு பூசின மாதிரி ஆகும். அதற்கு நான் பூஞ்சை பிடித்த கேசட்டையே பார்ப்பேன்.

மேற்கு ஹாரோ:

டைம்கோட் அண்ணா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். நான் இங்கே லண்டனில் பழைய ஐ.டி.வி. நிகழ்ச்சி டிஸ்க்குகளாகத் தேடித் தேடி வாங்குகிற ஆள்.

உரிமைச் சிக்கல் இல்லாமல் வந்தாலும் சந்தோஷப்பட முடியாது என்பதற்குத் தேம்ஸின் ‘த வேர்ல்ட் அட் வார்’ சாட்சி. 26 பகுதி, 1973-ல் தொடங்கியது, அதற்கும் இசை கார்ல் டேவிஸ்தான். 2010-ல் பெரிய விளம்பரத்தோடு ப்ளூ-ரே வந்தது. படம் பளிச்சென்று இருந்தது, ஆனால் 4:3 அளவில் (பழைய டி.வி.யின் அகலம் குறைந்த வடிவம்) இருந்த படத்தை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டியிருந்தார்கள். கணக்குப் போட்டால் படத்தில் கால் பங்கு காணாமல் போய்விட்டது. போர்முனையில் உயிரைக் கொடுத்து எடுத்த காட்சி, அதில் தலைக்கு மேல் இடமே இல்லை. ‘ஹாலிவுட்’ தொடருக்கு அதைச் செய்தால் மௌனப் படங்களின் ஃபிரேமையே அறுத்ததாகிவிடும். ஆகையால் யாருக்காவது எழுதும்போது ‘4:3-லேயே வேண்டும்’ என்று ஒரு வரி கண்டிப்பாகச் சேருங்கள்.

மாஸ்டர், அதாவது மற்றப் பிரதிகளை எடுக்கிற மூலப் பிரதி, எதில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஃபிலிமில் எடிட் செய்து முடித்த நிகழ்ச்சி என்றால் நெகட்டிவை மறுபடி ஸ்கேன் செய்து நிஜ எச்.டி. எடுக்கலாம். வீடியோ டேப்பில் முடித்தது என்றால் ‘பால்’ (PAL) என்ற பிரிட்டிஷ் டி.வி. முறையில் கண்ணுக்குத் தெரிவது 576 வரிகள்தான், அதற்கு மேல் ஏற்ற ஒன்றும் இல்லை. அப்படி இருந்தாலும் எனக்குச் சம்மதமே. எஸ்.டி. (எச்.டி.க்கு முந்தைய சாதாரணத் தர) மாஸ்டரை அப்படியே ஒரு ப்ளூ-ரேயில் அதிக பிட்ரேட்டில் போட்டுக் கொடுத்தால், டி.வி.டி.யை விடக் குறைந்த டிஸ்க்கில் அடங்கிவிடும், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

லேசர்டிஸ்க்கைத் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்க டிஸ்க் என்.டி.எஸ்.சி. என்ற அந்த ஊர் டி.வி. முறையில் இருக்கும். பிரிட்டிஷ் 25 ஃபிரேம் டேப்பை 30-க்கு மாற்றும்போது ஒரு உருவத்தின்மேல் இன்னொன்று நிழலாகப் படியும். வேகமான சண்டைக் காட்சியில் நிறுத்திப் பார்த்தால் ஆளுக்கு நாலு கை இருக்கும்.

இதையெல்லாம் தைரியமாக வெளியிடக்கூடியது என்று நான் நம்பியிருந்தது நெட்வொர்க் நிறுவனத்தை. பழைய ஐ.டி.வி. சரக்குக்கு அவர்களை விட்டால் ஆள் இல்லை. அதை ஆரம்பித்த டிம் பெடோஸ் 2022 கடைசியில் இறந்தார், 2023-ல் நிறுவனமே மூடிவிட்டது. அன்றைக்கு எனக்கு ஒரு நாள் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

மணி அண்ணா, பூஞ்சை பிடித்த கேசட்டை வி.சி.ஆரில் போட வேண்டாம். தூள் டேப்பைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி அடுத்து போடுகிற நல்ல கேசட்டுக்கும் பரவும். தனியாகப் பையில் கட்டி உலர்ந்த இடத்தில் வையுங்கள். டேப்பைச் சுத்தம் செய்து டிஜிட்டலாக்கித் தருகிறவர்களிடம் கொடுப்பதுதான் வழி.

கொட்டகை மணி (தூத்துக்குடி):

இருவருக்கும் நன்றி. இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. அப்படியானால் யாரிடம் என்ன கேட்பது? ஃப்ரீமேன்டிலுக்கு ‘ஐயா, தொடரை வெளியிடுங்கள்’ என்று எழுதினால் குப்பைக்கூடைக்குத்தானே போகும்? மொட்டை மாடி விஷயத்துக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

டைம்கோட்:

மாடி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நம் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறது. நிறுவனத்தின் செயல்பாடாக, அங்குள்ள ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் போன்றவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரிப் படம் போடலாம். உங்கள் மாடி கல்வி நிறுவனம் இல்லை. அதே பிள்ளைகளின் கல்லூரியில் சினிமா கிளப் இருந்தால் அவர்கள் பெயரில், அவர்கள் வகுப்பறையில் போட்டுவிடுங்கள். புரொஜெக்டரை நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். படம் சொந்தமாக வாங்கிய கேசட்டிலிருந்து ஓடட்டும், யூடியூப்பிலிருந்து வேண்டாம்.

கடிதத்துக்கு வருவோம். கையெழுத்து வேட்டையால் ஒரு கிளிப்பும் கிளியர் ஆகாது. ஐயாயிரம் பேர் ‘வேண்டும்’ என்று சொன்னால் அது உரிமை மேஜையில் இருக்கிற ஆளுக்கு வெறும் எண். அவருக்கு வேண்டியது, இதைச் செய்தால் என் தலைக்கு என்ன ஆபத்து, எவ்வளவு செலவு என்பதற்குப் பதில். அதனால் முதலாளிக்கு எழுதாதீர்கள், லைசென்சிங் பகுதிக்கு எழுதுங்கள். அதோடு டிஸ்க் வெளியிடுகிற சின்ன நிறுவனங்களுக்கும் எழுதுங்கள். அவர்கள் போய்க் கேட்டால்தான் உரிமையாளர் கோப்பையே எடுப்பார்.

பதிமூன்றையும் ஒரே பெட்டியில் கேட்பதுதான் இத்தனை வருஷமாக ரசிகர்கள் செய்துவருவது, அது நடக்கவில்லை. பகுதி பகுதியாகக் கேளுங்கள். மௌன நகைச்சுவைக்கு ஒரு பகுதி இருக்கிறது, கௌபாய் படங்களுக்கு ஒன்று, நடிகை ஸ்வான்சன், நடிகர் வாலண்டினோ இருவருக்கும் சேர்த்து ஒன்று. ஒரு நிறுவனம் வாலண்டினோ படத்தை ப்ளூ-ரேயில் கொண்டுவரும்போது அந்த ஒரு பகுதியைக் கூடுதல் அம்சமாகச் சேர்க்கலாம். 50 நிமிஷத்து கிளிப் ஷீட்டை ஒரு ஆள் உட்கார்ந்து முடித்துவிடுவார், கிட்டத்தட்ட 11 மணி நேரத்துக்கு யாரும் உட்காரமாட்டார்கள். இது நடந்திருக்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டுமா? இதே பிரவுன்லோ–கில் 1989-ல் எடுத்த ‘ஹரால்ட் லாய்ட்: த தேர்ட் ஜீனியஸ்’ முழுசாக, கிரைட்டீரியன் என்ற டிஸ்க் நிறுவனம் 2013-ல் வெளியிட்ட ‘சேஃப்டி லாஸ்ட்!’ டிஸ்க்கில் கூடுதல் அம்சமாக வந்தது.

கடிதத்தில் மூன்று சங்கதி இருக்கட்டும். எந்தப் பகுதி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அதில் வரும் படங்களில் எவை 1929 வரை வெளியானவை என்று நீங்களே பட்டியல் போட்டு இணையுங்கள். அவர்கள் வேலையில் பாதியை முடித்துக் கொடுத்ததாக ஆகும். ஹாரோ சொன்ன மாதிரி 4:3 என்றும், மாஸ்டர் எஸ்.டி.யாக இருந்தாலும் பரவாயில்லை என்றும் எழுதுங்கள். ரசிகர்கள் 4கே கேட்டு அடம்பிடிப்பார்கள் என்ற பயத்திலேயே பாதி நிறுவனங்கள் இந்த மாதிரிச் சரக்கைத் தொடுவதில்லை.

நள்ளிரவு ஷோ:

சரி, ஏ.ஐ. யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அடிக்காதீர்கள். பட்டியல் போடுகிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கேசட்டில் நகைச்சுவைப் பகுதி ஓடுகிற நிலையில் இருக்கிறதா மணி அண்ணே? அடுத்த வாரம் திருநெல்வேலி வருகிறேன், அப்படியே அங்கேயும் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு கிளிப்பாகக் குறித்துவிடலாம்.

கொட்டகை மணி (தூத்துக்குடி):

நகைச்சுவை ஓடுகிறது, வாருங்கள். கௌபாய் பகுதியும் ஓடுகிறது. ஸ்வான்சன்–வாலண்டினோ கேசட் டிஜிட்டலாக்க அனுப்பும் பையில் போய்விட்டது, அது பிறகு. கடிதத்தின் ஆங்கில வரைவை ஹாரோ ஒரு தடவை பார்த்துத் திருத்தித் தந்தால் நன்றாக இருக்கும்.